ராப் கேட்கத் தொடங்க ஒரு 40 நிமிடம்

ராப் கேட்க ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? அமெரிக்க ராப் பாடகர் நாஸ் 1994-இல் வெளியிட்ட ‘இல்மாட்டிக்’ ஆல்பத்தை எடுங்கள். பத்தே தடங்கள், சுமார் 40 நிமிடம். அப்போது அவருக்கு வயது 20. அவர் வளர்ந்த நியூயார்க் குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்புதான் ஆல்பம் முழுக்க.

முதல் தடவை பீட்டோடு சும்மா போங்கள். அப்புறம் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஒன் லவ்’ மட்டும் மறுபடி கேளுங்கள். சிறையில் இருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதமாகவே போகும். நண்பருக்கு மகன் பிறந்த சேதியும் அதில் வருகிறது. எனக்கு ராப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

ஜாஸ் பிடிக்குமா? எ ட்ரைப் கால்ட் குவெஸ்ட் என்ற ராப் குழுவின் ‘தி லோ எண்ட் தியரி’ (1991) கேளுங்கள். ஒரு பாட்டில் ஜாஸ் கலைஞர் ரான் கார்ட்டரே டபுள் பேஸ் (ஆழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்திருக்கிறார். ஹெட்போன் அவசியம், போன் ஸ்பீக்கரில் அந்த பேஸ் காதிலேயே விழாது.