நாய் தத்தெடுக்கும் முன்: பலரும் கோட்டை விடும் இடங்கள்

ஆசையை மட்டும் வைத்து முடிவெடுப்பதுதான் முதல் தவறு. வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தை வைத்து முடிவெடுங்கள். காலை எட்டரைக்குப் பூட்டிவிட்டு இரவு ஏழு மணிக்குத் திறக்கும் வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டி ஒத்துவராது. அந்த வயதில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் சிறுநீரை அடக்க முடியாது. நாளைக்கு மூன்று, நான்கு வேளை சாப்பாடும் வேண்டும். தனியே கிடந்தால் ஓயாமல் கத்தும், பக்கத்து வீட்டிலிருந்து புகார் வரும், கடைசியில் பால்கனியில் கட்டிப்போடுவார்கள். அப்படி ஒரு நாயை வளர்ப்பது கொடுமை. இத்தகைய வீட்டுக்கு, காப்பகத்தில் இருந்து குணம் தெரிந்த, இரண்டு மூன்று வயதான நாட்டு நாய்தான் சரி. அதற்கும் மதியம் ஒருமுறை வெளியே கூட்டிப்போக ஆள் வேண்டும். குட்டியிலிருந்து வளர்த்தால்தான் ஒட்டும் என்று நினைக்காதீர்கள். வளர்ந்த நாயும் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும், பழகச் சில வாரங்கள் கொடுத்தால் போதும்.

எடுக்குமுன் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், மழை பெய்தாலும். யார் போவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். "பிள்ளைங்க பாத்துப்பாங்க" என்பதை நம்ப வேண்டாம். பத்தாம் வகுப்பு வந்ததும் பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள், வேலை முழுக்க அம்மா தலையில் விழும். அவருக்குச் சம்மதமா என்று முதலிலேயே கேளுங்கள்.

தயிர்சாதம் போட்டே வளர்த்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. அதில் புரதம் போதாது. சைவ வீடானால், முட்டையும் கோழியும் உள்ளே வர எல்லாரும் ஒப்புக்கொள்வார்களா? மிச்சக் குழம்பும் ஆகாது; வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

மருத்துவச் செலவை "ஒரு ஊசிதானே" என்று எண்ணுவது இன்னொரு தவறு. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கி, 3–4 வார இடைவெளியில் 16 வாரம் வரை தொடரும். மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுஊசி. நம் வெயிலில் உண்ணி ஆண்டு முழுக்க இருக்கும். உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாய் சாப்பாட்டை ஒதுக்கும், ஈறு வெளிறும், சில சமயம் மூக்கில் ரத்தம் வரும். ரத்தப் பரிசோதனை செய்து, பெரும்பாலும் 28 நாள் மாத்திரை கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டதென்று நிறுத்தினால் திரும்பி வரும். மாதாமாதம் இதற்கென்று தனியாகப் பணம் எடுத்துவைக்க முடியுமா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஒரு குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் இறந்திருந்தால் உடனே அடுத்ததைக் கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் வீட்டில் பல மாதங்கள் தங்கும், பினாயிலுக்குச் சாகாது. தரையை நன்றாகக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச் திரவத்தை 30 பங்கு தண்ணீரில் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். மண் தரையில் அதுவும் போதாது. அப்படிப்பட்ட வீட்டுக்குத் தடுப்பூசிகளை முடித்த வளர்ந்த நாயே பாதுகாப்பு.

ராஜபாளையம், சிப்பிப்பாறை வேட்டை நாய்கள்; ஓட இடமில்லாத ஃபிளாட்டுக்கு வேண்டாம். குடியிருப்போர் சங்கம் நாயையே தடை செய்ய முடியாதென்று விலங்கு நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல் சொல்கிறது. வாடகை வீடு என்றால் உரிமையாளரின் ஒப்புதலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனால் நாய் எங்கே இருக்கும் என்பதற்கும் இப்போதே பதில் வேண்டும். இன்னும் தயக்கம் இருந்தால், காப்பகத்தில் பேசி ஒரு நாயைச் சில வாரங்கள் ஃபாஸ்டர் முறையில் வீட்டில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் சொல்லிவிடலாம். அந்த ஏற்பாடே அதற்குத்தான்.