பள்ளியின் சமய வகுப்பிலிருந்து பிள்ளைக்கு விலக்குக் கேட்பது எப்படி

வீட்டுக்கு அருகில் இருப்பது, கட்டணம் கையைக் கடிக்காதது, தேர்ச்சி நன்றாக இருப்பது ஆகியவற்றைப் பார்த்தே நம்மில் பெரும்பாலோர் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறோம். அதனால்தான் சைவக் குடும்பத்துப் பிள்ளை மிஷன் பள்ளியின் வேதபாட வகுப்பில் அமர்கிறது. முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை அறக்கட்டளைப் பள்ளியில் கீதை சுலோகம் ஒப்பிக்கிறது. கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பிள்ளை இரண்டில் ஏதோ ஒன்றில் கைகூப்பி நிற்கிறது. இதில் மனம் ஒப்பாத பெற்றோர் பலர், சேர்த்தாயிற்று, இனி பள்ளி சொல்வதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும் என்று வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. அரசின் அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு நிதியுதவி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் எவரையும், அங்கே நடக்கும் சமய போதனையில் பங்குகொள்ளுமாறோ வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறோ, அவருடைய இசைவு இல்லாமல் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர் 18 வயது நிரம்பாதவரானால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் இசைவு வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது, அங்கீகாரம் மட்டும் இருந்தாலே இந்தப் பிரிவு பொருந்தும் என்பது. அரசிடம் ஒரு ரூபாயும் வாங்காத மெட்ரிக் பள்ளிக்கும், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிக்கும் இது பொருந்தும். 30ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் பள்ளியை நிறுவி நடத்தும் உரிமையைத் தருகிறது. பிறர் வீட்டுப் பிள்ளையை இசைவின்றி வழிபாட்டில் நிறுத்தும் உரிமையை அது தரவில்லை.

அரசுப் பள்ளியின் நிலை வேறு. முழுவதும் அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனையே கூடாது என்கிறது அதே பிரிவின் முதல் உட்பிரிவு. அங்கே விலக்குக் கேட்டுக் கடிதம் எழுதுவது பொருத்தமற்றது. நிகழ்ச்சியையே நிறுத்தக் கோர வேண்டும். 2024இல் சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளிக்கு அழைக்கப்பட்ட ஒரு பேச்சாளர், உடற்குறைபாட்டுக்கு முற்பிறவிப் பாவமே காரணம் என்று மாணவிகளிடம் பேசியபோது, பார்வைக் குறைபாடுள்ள ஆசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து மறுத்தார். அந்த எதிர்ப்புக்குப் பிறகே விவகாரம் மாநிலம் முழுவதும் பேசப்பட்டது. பெற்றோருக்கு இதற்கென ஓர் இடம் உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர்களில் முக்கால் பங்கினராவது பெற்றோராக இருக்க வேண்டும். வெளியார் யார் வந்து பேசுகிறார்கள், எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டு, கேள்வியையும் பதிலையும் தீர்மான நோட்டில் பதியச் செய்யுங்கள்.

தனியார் பள்ளிக்கும் உதவி பெறும் பள்ளிக்கும் வருவோம். கடிதம் எழுதுவதற்கு முன், எதிலிருந்து விலக்குக் கேட்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும். தமிழ்ப் பாடநூலில் உள்ள தேவாரமும் சீறாப்புராணமும் தேம்பாவணியும் இலக்கியப் பாடங்கள். அவற்றிலிருந்து விலக்குக் கேட்பது சட்டப்படி நிற்காது, நம் பிள்ளைக்கும் அது இழப்பே. சமய போதனை வேறு, சமயங்களைப் பற்றிய படிப்பு வேறு என்பதை அரசமைப்புச் சட்டத்தை உருவாக்கிய அவையில் அம்பேத்கரே விளக்கியிருக்கிறார். குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் பல்கலைக்கழகம் ஆய்வுக்குரிய பாடமாக வைத்தது சமய போதனை ஆகாது என்று 1971இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியது. ஒரு சமயத்தை உண்மை என்று நம்பவைக்கவும் அதன்படி ஒழுகச் செய்யவும் நடத்தப்படும் வகுப்பு, செபம், பஜனை, பூசை, தொழுகை ஆகியவையே நம் கோரிக்கைக்குள் வரும்.

அடுத்து, பிள்ளையிடம் பேசுங்கள். பெற்றோர் பலர் தாண்டிப் போய்விடும் படி இதுதான். என் பார்வையில் எல்லாவற்றிலும் முதன்மையானதும் இதுதான். ஐந்தாம் வகுப்புக் குழந்தைக்குத் தோழியர் எல்லோரும் பாடும்போது தான் மட்டும் விலகி இருப்பது எளிதன்று. வகுப்பில் என்ன நடக்கிறது, அதில் எது பிடிக்கவில்லை, எது பிடித்திருக்கிறது என்று கேளுங்கள். கிறிஸ்துமஸ் நாடகத்தில் நடிக்கவும் சரஸ்வதி பூசையன்று சுண்டல் வாங்கவும் பிள்ளைக்கு ஆசை இருந்தால் அதற்கு இடம் விடுங்கள். வீட்டில் நாம் நம்புவதும் நம்பாததும் பிள்ளைமேல் சுமத்தப்படுமானால், பள்ளி செய்வதாக நாம் குறை கூறும் அதே வேலையை நாமும் செய்தவர்கள் ஆவோம்.

இதன் பிறகு தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். பல பள்ளிகளில் இது அந்தச் சந்திப்பிலேயே முடிந்துவிடும். கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்க மாணவர்க்கு மறைக்கல்வியும் மற்றவர்க்கு நன்னெறி வகுப்பும் தனித்தனியே நடப்பது வெகுகால வழக்கம். அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால் அதைக் கேட்டுப் பெறுவதே போதும். பேச்சில் முடிந்தாலும் எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. கடிதம் சுருக்கமாகவும் மரியாதையாகவும் இருக்கட்டும்:

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பு ‘ஆ’ பிரிவில் பயிலும் என் மகள், வெள்ளிக்கிழமை நடைபெறும் சமய வகுப்பிலும் அதனைத் தொடர்ந்து நடைபெறும் வழிபாட்டிலும் பங்கேற்பதற்கு, பெற்றோர் என்ற முறையில் நான் இசைவு அளிக்கவில்லை என்பதை அரசமைப்புச் சட்டம் 28(3)இன்படி பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அந்நேரத்தில் அவள் நூலகத்தில் அமர்ந்து படிக்கவும், இதன் காரணமாக அவளுடைய மதிப்பெண்ணோ வருகைப்பதிவோ பாதிக்கப்படாதிருக்கவும் ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.”

பள்ளியின் கொள்கையைப் பற்றியோ அது சார்ந்த சமயத்தைப் பற்றியோ ஒரு சொல்லும் வேண்டாம். உங்கள் சமயம் இன்னது என்றோ, சமயமே இல்லை என்றோ எழுதவும் தேவையில்லை. சட்டம் காரணம் கேட்கவில்லை, இசைவை மட்டுமே கேட்கிறது. நூலகம் என்று இடத்தைக் குறிப்பிடுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறிப்பிடாவிட்டால் பிள்ளை வகுப்புக்கு வெளியே வராந்தாவில் நிறுத்தப்படலாம். பார்ப்பவர்களுக்கு அது தண்டனையாகவே தோன்றும். இரண்டு படிகள் எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றைப் பெற்றுக்கொள்ளுங்கள். பள்ளியின் விதிகள் அனைத்துக்கும் கட்டுப்படுகிறேன் என்று சேர்க்கையின்போது கையெழுத்திட்டோமே என்று தயங்க வேண்டாம். பொத்தாம்பொதுவான அந்த வரியை வழிபாட்டுக்குக் கொடுத்த இசைவாகக் கொள்வது பிரிவின் நோக்கத்துக்கே மாறானது; அப்படியே கொண்டாலும், இசைவு இல்லை என்று இப்போது தெளிவாக எழுதிக் கொடுத்துவிட்டீர்கள்.

காலைக் கூட்டத்தில் எல்லோரோடும் எழுந்து அமைதியாக நிற்பதில் தவறில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், நாட்டுப்பண் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள். தங்கள் நம்பிக்கைக்கு மாறானது என்பதால் பாட மட்டும் இல்லை. 1985இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. உயர் நீதிமன்றம் கைவிட்ட பிறகு, 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க ஆணையிட்டது. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சின்னப்ப ரெட்டி. வழக்காடியவர்கள் ஆழ்ந்த சமய நம்பிக்கை உடையவர்கள் என்பதை மதச்சார்பின்மை பேசும் நாம் மறந்துவிடக் கூடாது. நம்பாதவருக்கு எவ்வளவு தேவையோ, நம்புகிறவருக்கும் இந்தப் பாதுகாப்பு அவ்வளவு தேவை.

இரண்டு வாரமாகியும் பதில் வராவிட்டால், முத்திரை பெற்ற படியை இணைத்து, தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கும், உதவி பெறும் பள்ளியானால் அதற்குரிய கல்வி அலுவலருக்கும் எழுதுங்கள். நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணிலும் கேட்கலாம். விலகியிருந்ததற்காகப் பிள்ளையைத் திட்டுவதோ கேலி செய்வதோ நடந்தால், அது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்யும் மனத் துன்புறுத்தல். தேதி, நேரம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்புங்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அங்கே 28ஆவது பிரிவையே முன்வைத்து எழுதுங்கள்.

எதற்கும் மசியாத பள்ளியானால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு தாக்கல் செய்வதே கடைசி வழி. வழக்கறிஞர் கட்டணத்தை எண்ணி ஒதுங்கிவிடாதீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் தாயோ பிள்ளையோ விண்ணப்பிக்கலாம். பிள்ளை வேறு பள்ளிக்கு மாறினால் அங்கே புதிதாகக் கடிதம் கொடுக்க வேண்டும். 18 வயதுக்குப் பிறகு கல்லூரியில் இசைவு தருவதும் மறுப்பதும் பிள்ளையின் முடிவு. அப்போது கையெழுத்து நம்முடையதாக இருக்காது.