பால் குடுக்கறப்போ ஆன்டிபயாடிக் எழுதிக் குடுத்தா என்ன செய்யணும்

என் பொண்ணுக்கு ரெண்டு மாசம் இருக்கறப்போ எடது பக்கம் பால் கட்டிக்கிச்சு, தொட்டா நெருப்பா சுடுது, குளிர் ஜுரம் வேற. டாக்டர் செஃபாலெக்சின் எழுதிக் குடுத்தாங்க, வீட்டுக்கு வந்தா அத்தை "மருந்து பாலுல எறங்கிடும், புட்டிப்பால் குடு, மல்லிப்பூ வச்சு கட்டிக்கோ, பால் வத்திடும்"னாங்க. நானும் பயந்துபோய் ஒரு நாள் நிறுத்திட்டேன். மறுநாள் காலைல மாரு கல்லு மாதிரி ஆயிடுச்சு, கையைத் தூக்கி தலை வார முடியல. இது இன்னொருத்திக்கு வரக்கூடாதுன்னுதான் எழுதறேன்.

மருந்து பாலுல எறங்கறது உண்மைதான், ஆனா எவ்வளவுன்னு பாருங்க. அமாக்சிசிலின் பாலுல துளியூண்டுதான் வரும், அதே மருந்தை அதைவிட பல மடங்கு அளவுல சிரப்பா குழந்தைங்களுக்கே குடுக்கறாங்களே. அதனால மாத்திரை சீட்டைப் பார்த்ததும் பாலை நிறுத்தாதீங்க.

செய்ய வேண்டியது, டாக்டர் பேனா எடுக்கறதுக்கு முன்னாடியே "நான் பால் குடுக்கறேன், குழந்தைக்கு இத்தனை மாசம்"னு சொல்லிடுங்க. பல் டாக்டர், தோல் டாக்டர்கிட்ட போனாலும் சொல்லணும், அவங்க கேக்காம விட்டுடலாம். குறைமாசத்துல பொறந்ததா, மஞ்சகாமாலை இருக்கா, ஜி6பிடி குறைபாடு (சில மருந்து பட்டா ரத்த சிவப்பணு உடையற பரம்பரைக் குறை) இருக்கான்னும் சேர்த்து சொல்லுங்க, ஏன்னா கோட்ரைமாக்ஸசோல், நைட்ரோஃபுரான்டாயின் ரெண்டும் ஒரு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கும் இந்த மாதிரி பிரச்சனை இருக்கற குழந்தைக்கும் ஆகாது, மாத்தி எழுதித் தருவாங்க.

அமாக்சிசிலின், க்ளாக்சாசிலின், செஃபாலெக்சின், செஃபிக்சிம் இதெல்லாம் பால் குடுக்கற அம்மாங்களுக்கு வழக்கமா எழுதறதுதான். மெட்ரோனிடசோல் 400 மில்லிகிராம் மூணு வேளை போட்டாலும் பால் குடுக்கலாம், பாலு லேசா கசக்கும், குழந்தை மூஞ்சைத் திருப்பினா பயப்படாதீங்க. ஆனா 2 கிராம் ஒரே தடவையா போடச் சொன்னா, 12லேருந்து 24 மணி நேரம் பாலை பீச்சி கொட்டணுமான்னு கேட்டுக்கங்க. டாக்ஸிசைக்ளின் கொஞ்ச நாளைக்குன்னா சரி, மாசக்கணக்குல வேண்டாம்.

மாத்திரை போடற நாள்ல குழந்தைக்கு கொஞ்சம் லூஸ் மோஷன் ஆகலாம், டயப்பர் இடம் செவக்கலாம். நாக்குல வெள்ளையா படிஞ்சு துணியால தொடச்சா போகலேன்னா அது பூஞ்சை, காட்டி மருந்து வாங்கணும். மலத்துல ரத்தம், உடம்பெல்லாம் தடிப்பு, பால் குடிக்கவே மாட்டேங்குதுன்னா அன்னைக்கே தூக்கிட்டு ஓடுங்க.

அட்டைல செவப்பு கோடு போட்ட மாத்திரையை சீட்டு இல்லாம மெடிக்கல்ல வாங்காதீங்க, போன தடவை மிச்சம் வச்சதையும் போடாதீங்க. ரெண்டு நாள்ல ஜுரம் விட்டுடுச்சுன்னு நடுவுல நிறுத்தவும் கூடாது, நிறுத்தணும்னா டாக்டர் சொல்லட்டும்.

பால் கட்டினதுக்கு மாத்திரைன்னா, அந்த பக்கமும் குழந்தை கேக்கறப்போ குடுங்க, அந்தப் பால் குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது. அழுத்தித் தேய்க்காதீங்க, வீக்கம் கூடிடும், ஐஸை துணியில சுத்தி ஒத்தடம் குடுங்க. வலிக்கு பாராசிட்டமால், இபுப்ரோஃபென் ரெண்டுமே பரவாயில்ல, இபுப்ரோஃபென் வெறும் வயித்துல வேண்டாம். மாத்திரை ஆரம்பிச்சு 48 மணி நேரம் ஆகியும் ஜுரம் எறங்கல, கட்டியா தென்படுதுன்னா திரும்பப் போங்க, உள்ள சீழ் வச்சிருக்கான்னு ஸ்கேன் பண்ணிப் பார்ப்பாங்க.