குதிரையோடு இரவு தங்க இடம் தேடியபோது

பெங்களூரிலிருந்து கனகபுரா பக்கம் என் குதிரையோடு ஓரிரவு தங்க விரும்பி, "குதிரையைக் கொண்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டு, "தாராளமாக" என்ற பதிலை நம்பிப் போன முகாமில், வேலியெங்கும் அரளி பூத்திருந்தது. சிறிதளவு இலையைத் தின்றாலும் குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொல்லக்கூடிய செடி என்பதால், இருட்டுவதற்குள் திரும்பிவிட்டோம்.

பிறகு கேள்விகளை மாற்றினேன். நாளொன்றுக்கு 25 முதல் 50 லிட்டர் வரை குடிக்கும் விலங்குக்குத் தண்ணீர் கிடைக்குமா, முள்கம்பி இல்லாத அடைப்பு உண்டா, லாரியைத் திருப்ப இடம் உண்டா என்று விசாரித்து, வேலியின் படத்தையும் அனுப்பச் சொன்னேன். இறுதியில், மாடு வளர்க்கும் தோட்டக்காரர் ஒருவர் தொட்டியும் நிழலும் தந்து மனமார வரவேற்றார். தீவனம் திடீரென மாறினால் கடும் வயிற்றுவலி வரலாம் என்பதால், பழகிய புல்லை நானே கொண்டுபோகிறேன்.