மேடையில் வில்லனுக்குப் பாட்டுக் கட்டுவது எப்படி

திருகோணமலையில் வளரும் பிள்ளைக்கு முதலில் அறிமுகமாகும் வில்லன் இராவணன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவை எட்டிப் பார்க்கும் பிள்ளையிடம், தாய் வழிபடுவதற்காகக் கோயிலை மலையோடு பெயர்க்க வந்தவனின் வாள் பட்ட இடம் இது என்று பெரியவர்கள் சொல்வார்கள். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் அதே தாயின் ஈமக்கடனுக்காக அவன் உண்டாக்கியவை என்பார்கள். கயிலையின் கீழ் நசுங்கிக் கிடந்தவன் சாமகானம் பாடி இறைவனின் அருளைப் பெற்ற கதையும் கூடவே வரும். ஆகவே பாடசாலை மேடைக்கு இசை நாடகம் எழுத உட்காரும் நம்மூரவர், வில்லன் பாட்டின் முதல் விதியை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. அவனுக்கு ஓர் ஆசை இருக்க வேண்டும். அந்த ஆசை கேட்பவருக்கு விளங்க வேண்டும்.

பல்லவியைத் தொடுமுன் அந்த ஆசையை ஒரே வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "நான் கொடியவன்" என்று பாடுகிறவனை யாரும் நம்புவதில்லை, ஏனெனில் உலகத்தில் எவரும் தம்மைக் கொடியவராக எண்ணிக்கொண்டு காலையில் எழும்புவதில்லை. மாணவர்களோடு நான் செய்த நாடகமொன்றில், முற்பணம் கொடுத்து மீனவர்களைக் கடனில் வீழ்த்தும் மீன் முதலாளி ஒருவர் வருகிறார். அவருக்கு முதலில் நாங்கள் எழுதியது மிரட்டல் பாட்டு. மத்தளமும் கீபோர்டும் சேர்ந்து முழங்கியதில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பயமும் வரவில்லை. பிறகு அதைக் கிழித்துவிட்டு, தாலாட்டு மெட்டில் "உங்கள் வலை கிழிந்தால் என் நெஞ்சு கிழியும், உங்கள் வள்ளம் கவிழ்ந்தால் என் வீடு கவிழும்" என்று அவரை உருகிப் பாட வைத்தோம். முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். இரண்டாம் சரணத்தில் கடன் கணக்கு அதே இனிய மெட்டில் வந்தபோது சிரிப்பு அப்படியே நின்றுபோனது. வில்லன் பாட்டின் இன்பம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்: மெட்டோடு சேர்ந்து தலையாட்டிய பிறகே, எதற்குத் தலையாட்டினோம் என்பது நமக்குத் தெரிய வருகிறது.

பாட்டு முடியும்போது கதை தொடங்கிய இடத்தில் நிற்கக் கூடாது. 1989இல் வெளிவந்த 'தி லிட்டில் மெர்மெய்ட்' கார்ட்டூன் படத்தில், ஹோவர்ட் ஆஷ்மன் எழுதி அலன் மென்கன் இசையமைத்த கடல் சூனியக்காரியின் பாட்டைப் பாருங்கள். துன்பப்பட்டவர்களுக்கு உதவுகிறவளாகத் தன்னைக் காட்டிப் பாடத் தொடங்குகிறாள். முடியும்போது கடற்கன்னி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, தன் குரலையும் இழந்துவிடுகிறாள். அந்தப் பாட்டை வெட்டினால் படமே நின்றுவிடும். உங்கள் பாட்டையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். அதை எடுத்துவிட்ட பின்பும் அடுத்த காட்சி விளங்குமானால், அதற்கு இன்னும் வேலை கொடுக்கவில்லை என்று பொருள்.

மெட்டைப் பொறுத்தவரை, வில்லனுக்கு நல்ல இசையை மறுக்காதீர்கள். 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயணம்' படத்தில் கே. வி. மகாதேவனின் இசையில், சி. எஸ். ஜெயராமனின் குரலில் இராவணன் ஒவ்வொரு வேளைக்கும் உணர்வுக்கும் உரிய இராகத்தைப் பாடிக் காட்டி, கயிலைநாதனைக் கவர்ந்தது காம்போதி என்று சொல்கிறான். அதே குரல், முதல்நாள் போரில் தோற்றுத் திரும்பும்போது "இன்று போய் நாளை வாராய்" என்று பாடுகையில், அவன் மீது இரக்கம் கொள்ளாதவர் அரிது. சத்தமில்லாமலேயே வில்லன் பாட்டு கனமாக ஒலிக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

தனியாகப் பாடுகிற வில்லனைவிடக் கூட்டத்தோடு பாடுகிறவன் அச்சம் தருவான். நம் கூத்தில் இந்த வசதி முன்பே இருக்கிறது. அரசனோ அரக்கனோ, எவனும் வரவுப் பாட்டோடுதான் களரிக்குள், அதாவது கூத்தாடும் இடத்துக்குள், வருகிறான். அவன் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாட, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் அவன் காலுக்கு வலுவூட்டுகிறது. 1994ஆம் ஆண்டின் 'தி லயன் கிங்' படத்தில், அண்ணனைக் கொல்லத் திட்டமிடும் சிங்கம் பாடப் பாட, கழுதைப்புலிகள் அணிவகுத்து நடந்து அவனைப் பெரியவனாக்குவதும் இதே வேலைதான். ஆகவே பிற்பாட்டுக்காரரை மேடையோரத்தில் அசையாமல் நிறுத்தாதீர்கள். முதல் சரணத்தில் இருவரும் கடைசியில் பத்துப்பேரும் பாடட்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அடி முன்னே வரட்டும்.

நடிப்பவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். முதல் மூன்று நாள் இசையில்லாமல், பாட்டைப் பேச்சாகச் சொல்லிப் பழகச் செய்யுங்கள். முகத்தைச் சுளிக்க விடாதீர்கள். கோரச் சிரிப்பு வேண்டவே வேண்டாம். கடைசித் தாளத்தோடு விளக்கை அணைத்துவிடுங்கள். அதன் பிறகு எந்தப் பாத்திரமும் "இவன் எவ்வளவு பொல்லாதவன்" என்று விளக்கம் சொல்லக் கூடாது.

ஒத்திகை முடிந்து வெளியே போகும் பிள்ளைகள் யாருடைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போகிறார்கள் என்று வாசலில் நின்று கேளுங்கள். அது கதாநாயகனுடைய பாட்டாக மட்டும் இருந்தால், அன்றிரவே வில்லனின் பல்லவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.