குடியிருப்பருகே ஆலை: நில உபயோக மாற்றத்தை எதிர்ப்பது எப்படி?

ராமநாதபுரம் மாவட்டத்தின் வேதாளை, பெரியபட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீடுகளையும் பள்ளியையும் ஒட்டி மீன் தூள் ஆலைக்கு நில உபயோக மாற்றம் (வேறு பயன்பாட்டுக்கு ஒதுக்கிய நிலத்தைத் தொழிற்சாலைக்குப் பயன்படுத்தும் அனுமதி) வழங்கப்பட்டால், மறியலுக்கு முன் ஆணையின் நகலைப் பெறுங்கள். தகவல் உரிமைச் சட்டப்படி நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் தனித்தனியே மனு அனுப்புங்கள். பதில் வர 30 நாள் ஆகலாம் என்பதால் முதல் வாரத்திலேயே அனுப்புவது நல்லது.

எந்த ஆணையை எங்கே எதிர்ப்பது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நில உபயோக மாற்றத்துக்கு எதிரான ரிட் மனு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும். ஆலையை அமைக்கவும் இயக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவாணை என்றால் முதலில் அதற்குரிய மேல்முறையீட்டு ஆணையத்தையும், சுற்றுச்சூழல் அனுமதி என்றால் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வையும் அணுக வேண்டும். இவ்விரண்டுக்கும் கெடு 30 நாள். தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் வரை பொறுக்கும், அதன்பின் எவ்வளவு நியாயம் இருந்தாலும் மனுவை ஏற்காது.

சர்வே எண் உள்ள புலப்படத்தில் ஆலையிலிருந்து வகுப்பறைச் சுவர், குடிநீர்க் கிணறு, கடலின் உயர் அலைக்கோடு (கடல்நீர் ஏறும் உச்ச எல்லை) ஆகியவற்றுக்கு உள்ள தூரத்தை மீட்டரில் குறியுங்கள். தேதியிட்ட படங்களையும் இணையுங்கள். கிராம சபைத் தீர்மானம் உதவும். ஆனால் அது தடையாணை ஆகாது.