சைக்கிள் மென்பொருளுக்குள் பைத்தானைக் குடிவைப்பது எப்படி?

ஆடி மாதத்தில் பல்லடத்திலிருந்து சூலூர் வழியாகக் கோவைக்குச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். அம்மியே பறக்கும் காற்றில் நான் எம்மாத்திரம்? மூச்சு வாங்க வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தால், மென்பொருளோ சராசரி வேகம் குறைந்துவிட்டது என்று மட்டும் காட்டுகிறது. திட்டலாம் என்றால் அதை எழுதியவனும் நான்தான்.

சி++ மொழியும், சாளரம் வரையும் க்யூட்டி நூலகமும் கொண்டு எழுதியது. கைக்கடிகாரம் பயணத்தைப் பதியும் ஃபிட் கோப்பைத் திறந்து வேகம், இதயத்துடிப்பு, ஏற்றம் ஆகியவற்றை வரைந்து காட்டும். எங்கள் குழுவில் ஆளுக்கொரு ஆசை. "ஏனுங்க தம்பி, எதிர்க்காற்றில் போனதை மட்டும் பிரித்துக் காட்ட முடியுங்களா?" என்பார் திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் அண்ணன். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தனித்தனியாக நேரம் வேண்டும் என்பார் இன்னொருவர். ஆசைக்கொரு பொத்தான் வைத்தால் திரை பத்தாது. அதனால் அவரவர் கணக்கை அவரவரே பைத்தான் நிரல்மொழியில் எழுதிக்கொள்ளட்டும் என்று ஒரு பெட்டியைத் திறந்துவிட்டேன். அதற்கு மூன்று வார இறுதிகள் போயின. உங்களுக்கு ஒன்று போதும்.

சிமேக் (சி++ நிரலைத் தொகுக்க உதவும் கருவி), க்யூட்டி நிறுவுவதெல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். நிரலை முழுதாக இங்கே ஒட்டப்போவதில்லை. ஒட்டினால் நகலெடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள், நான் விழுந்த குழியில் நீங்களும் விழுவீர்கள்.

படி 1: பைபைண்ட்11

பைத்தானின் சி இடைமுகத்தை நேரடியாகவும் அழைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பேர் உரிமையாளர்கள் என்று நாமே எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றை மறந்தால் நினைவகம் ஒழுகும், ஒன்றைக் கூடுதலாகக் கழித்தால் மென்பொருள் விழும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பைபைண்ட்11 என்ற சி++ நூலகம் அதைத் தானே பார்த்துக்கொள்கிறது. சிமேக்கில் அதன் எம்பெட் இலக்கை (மென்பொருளுக்குள் பைத்தானைக் குடிவைக்கும் பகுதி) இணைத்தால் போதும்.

தொகுக்கும்போது "ஸ்லாட்ஸ்" என்ற சொல்லைக் காட்டிப் பிழை வந்தால் பயப்பட வேண்டாம். க்யூட்டி அந்தச் சொல்லை மேக்ரோவாக (தொகுக்கும் முன் வேறாக மாற்றப்படும் சொல்லாக) வைத்திருக்கிறது, பைத்தானின் தலைப்புக் கோப்பிலோ அதே பெயரில் ஓர் உறுப்பு இருக்கிறது. க்யூட்டி கோப்புகளுக்கு மேலே பைத்தான் கோப்பைச் சேர்த்தால் தீர்ந்தது.

படி 2: பைத்தானுக்கு ஒரு வீடு

மென்பொருள் உங்கள் கணினியில் ஓடும், நண்பர் கணினியில் "என்கோடிங்ஸ் என்ற தொகுதி இல்லை" என்று சொல்லி விழும். பைத்தான் தன் நூலகம் எங்கே என்று தெரியாமல் தவிக்கிறது என்பதுதான் பொருள். விண்டோஸ் என்றால் பைத்தான் தளத்தில் கிடைக்கும் எம்பெடபிள் ஜிப்பை மென்பொருளோடு சேர்த்துக் கொடுங்கள். பைத்தானின் தொடக்க அமைப்புகளை வைக்கும் பைகான்ஃபிக் வழியாக வீட்டு முகவரியைச் சொல்லுங்கள் (3.8 முதல் இருக்கிறது). பழைய பதிவுகளில் காணும் செட்பைத்தான்ஹோம் அழைப்பு 3.11 முதல் கைவிடப்பட்ட வழி. அந்த ஜிப்பில் தொகுதிகளை நிறுவும் பிப் இருக்காது. எண் அணிகளுக்கான நம்பை நூலகத்தை நீங்களே உள்ளே வைத்து, பைத்தான் தேடும் பாதைகளைக் கொண்ட ._பிடிஎச் கோப்பில் அதன் பாதையைச் சேர்க்க வேண்டும்.

படி 3: தரவைக் கொடுப்பது

ஃபிட் கோப்பில் இடம் பாகையில் இருக்காது. 180ஆல் பெருக்கி 2147483648ஆல் வகுக்க வேண்டும். நேரம் 1989 டிசம்பர் 31 முதல் எண்ணிய நொடிகள். யூனிக்ஸ் நேரம் வேண்டுமானால் 631065600ஐக் கூட்டுங்கள். இவற்றையெல்லாம் சி++ பக்கமே முடித்துவிட்டு, நம்பை அணிகளாக பெயரும் மதிப்புமாக வைக்கும் ஒரு பைத்தான் அகராதியில் போட்டு, அவரவர் எழுதிய நிரலை ஓட்டும் எக்ஸெக் அழைப்புக்குக் கொடுத்துவிடுங்கள். நகலெடுக்காமல் கொடுப்பது எப்படி என்று மண்டையை உடைக்க வேண்டாம். நொடிக்கு ஒரு வரி என்றாலும் நான்கு மணி நேரத்துக்கு 14,400 எண்கள்தான்.

பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களையும் மாறிகளாக ஏற்கும். அதனால் அகராதியில் தமிழிலேயே பெயர் வைத்தேன். அண்ணன் கேட்ட எதிர்க்காற்றுக் கணக்கின் உயிர்நாடி இந்த ஒரு வரி:

மேற்கு = வேகம்[(திசை > 180) & (வேகம் > 5)]

திசை என்பது வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணும் பாகை; 180க்கு மேல் என்றால் மேற்கு நோக்கிய பயணம். வேகம் 5க்கு மேல் என்ற நிபந்தனை டீக்கடைக்காக. நின்றுகொண்டிருக்கும்போது ஜிபிஎஸ் புள்ளி அங்குமிங்கும் அலைவதால் திசையும் கண்டபடி சுற்றும்.

படி 4: பூட்டு

இரண்டு வார இறுதிகளைத் தின்றது இதுதான். மென்பொருளுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடரை இழை என்பார்கள். நீண்ட கணக்கைத் திரையின் இழையில் ஓட்டினால் சாளரம் உறைந்துவிடும். ஆகவே தனி இழை வேண்டும். (நூற்பாலை ஊர்க்காரனுக்கு இழை என்றதும் வேறு ஞாபகம்தான் வருகிறது.) தனி இழையில் போட்டேன். பிழையும் இல்லை, விடையும் இல்லை. அப்படியே நின்றது.

வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சியவர்களுக்கு இது எளிதில் புரியும். பைத்தானுக்கு மடை ஒன்றுதான், சாவியும் ஒன்றுதான். அந்தச் சாவியை கில் பூட்டு என்பார்கள். பைத்தானைத் தொடங்கி வைக்கும் முதன்மை இழையின் மடியில்தான் சாவி இருக்கும். அது தன் வயலுக்குப் பாய்ச்சாமலே சாவியை முடிந்துகொண்டு உட்கார்ந்திருக்க, பக்கத்து வயல்காரன் மடையில் விடிய விடியக் காத்திருக்கிறான்.

தீர்வு: பைத்தானைத் தொடங்கியதும் முதன்மை இழை கில்_ஸ்கோப்ட்_ரிலீஸ் மூலம் சாவியைக் கீழே வைக்க வேண்டும். வேலைக்கார இழை கில்_ஸ்கோப்ட்_அக்வயர் மூலம் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைத்தான் செய்தேன், அப்போதும் நின்றது. கடைசியில் பார்த்தால், ரிலீஸுக்கு மாறிப் பெயர் கொடுக்காமல் வெறும் அடைப்புக்குறியோடு எழுதியிருக்கிறேன். பெயரில்லாத பொருள் சி++இல் அந்த வரியோடு செத்துவிடும். சாவியை வைத்த கையாலேயே திரும்ப எடுத்துவிட்டது! ஒரு பெயர் கொடுத்தேன், ஓடியது. அந்த மாறியைப் பைத்தானைத் தொடங்கும் பொருளுக்குக் கீழே அறிவியுங்கள். அழியும் வரிசை தலைகீழ் என்பதால் மூடும்போது சிக்கல் வராது.

பைத்தானை ஒருமுறை தொடங்கினால் மென்பொருள் மூடும்வரை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் மூடித் திறந்தால் நம்பை மக்கர் செய்யும்.

படி 5: பிரிண்ட் எங்கே போகிறது?

பைத்தானின் பிரிண்ட் எழுதுவது, விண்டோஸில் கன்சோல் (கட்டளைச் சாளரம்) இல்லாத மென்பொருளில் எங்கும் போகாது, பிழையும் காட்டாது. ரைட், ஃப்ளஷ் இரண்டும் கொண்ட ஒரு சிறு வகுப்பை சிஸ்.எஸ்டிடிஅவுட், எஸ்டிடிஎர்ர் (வெளியீடும் பிழைச்செய்தியும் போகும் இடங்கள்) இரண்டிலும் பொருத்துங்கள். அதிலிருந்து உரைப்பெட்டியை நேராகத் தொடக் கூடாது, இழைகளுக்கிடையே செய்தி கடத்தும் க்யூட்டி சிக்னல் வழியாக அனுப்புங்கள்.

பின்சேர்க்கை: ஃப்ளஷ் வைக்காமல் விட்டு ஒருவர் மாட்டிக்கொண்டார். இரண்டையும் வையுங்கள், ஃப்ளஷ் ஒன்றும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொரு பின்சேர்க்கை: முடிவில்லாச் சுழலை நிறுத்துவது எப்படி என்று பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். செட்அசிங்க்எக்ஸ்க் என்று முடியும் அழைப்பால், ஓடும் இழைக்குள் கீபோர்டுஇன்டரப்ட் விதிவிலக்கை எறியலாம். என் நிறுத்து பொத்தான் அதைத்தான் செய்கிறது. ஆனால் ஸ்லீப் போன்ற சி அழைப்புக்குள் இழை மாட்டியிருந்தால், அது வெளியே வந்த பிறகுதான் எறிந்தது உறைக்கும்.